துளைகளின் ஒப்பந்தம்: பழைய கேசிங்குக்குள் புதுக் கணினி எப்படிப் போகுது?

கணினி பூட்டுகிற ஆக்களிட்டை 'ஸ்லீப்பர்' என்று ஒரு சொல் இருக்கிறது. கார்க்காரரிட்டை இருந்து வந்த சொல். வெளியில் பார்த்தால் பழைய, ஆடியசைந்து ஓடுகிற வாகனம். பொனற்றைத் திறந்தால் உள்ளே பெரிய எஞ்சின். கணினியிலும் அதே வேலைதான். 1990களில் அலுவலக மேசைகளில் இருந்த, மஞ்சள் பிடிச்ச அந்த வெள்ளைக் கேசிங்கை எடுத்து, உள்ளே இருந்ததை எல்லாம் கழட்டிவிட்டு, இந்த வருசத்து மதர்போர்ட்டையும் கிராபிக்ஸ் காட்டையும் பூட்டுவார்கள். முன்பக்கத்தில் புளொப்பி போடுகிற வாய் அப்பிடியே இருக்கும். உள்ளே போன மாதம் வந்த கேம் ஓடும்.

பார்க்க வடிவான விளையாட்டுத்தான். ஆனால் வரலாறு படிக்கிற எனக்கு இதில் வேற ஒரு கேள்வி வருகுது. இது எப்படிப் பொருந்துகிறது? 1996இல் விற்ற கைத்தொலைபேசியின் பற்றறியை இண்டைக்கு எதிலையும் போட ஏலாது. அந்தக் காலத்துச் சார்ஜர்கள் எல்லாம் குப்பைக்குப் போய் எத்தனையோ வருசம். அதே 1996இல் வளைச்ச ஒரு தகரப்பெட்டிக்குள் மட்டும், கிட்டத்தட்ட முப்பது வருசம் கழிச்சுச் செய்த போர்ட் ஒன்று துளைக்குத் துளை சரியாக இருக்கிறது. யாரோ எப்போதோ அந்தத் துளைகள் எங்கே இருக்க வேணும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். பிறகு வந்த ஆக்கள் அதை மாத்தாமல் விட்டிருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த முடிவுகளைப் பற்றினது.

அவசரத்தில் திறந்த பெட்டி

1981 ஓகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் முதல் பேர்சனல் கொம்பியூட்டரை, 5150 என்ற மாதிரியை, அறிமுகப்படுத்தியது. புளோரிடாவின் போகா ரற்றோனில் இருந்த ஒரு சின்னக் குழு, கிட்டத்தட்ட ஒரு வருசத்துக்குள் செய்து முடித்த கணினி. ஐபிஎம் வழமையில் எல்லாத்தையும் தானே செய்கிற நிறுவனம். இந்த முறை அதுக்கு நேரம் இருக்கவில்லை. புரொசெசரை இன்டெலிடம் வாங்கினார்கள், ஒப்பரேற்றிங் சிஸ்டத்தை மைக்ரோசொப்ற்றிடம் வாங்கினார்கள், புளொப்பி ட்ரைவையும் வெளியில்தான் வாங்கினார்கள். மற்ற நிறுவனங்கள் இதுக்குக் காட் செய்து விற்க வேணும் என்பதற்காக, சுற்று வரைபடங்களையும் பயோஸ் நிரல் முழுவதையும் அச்சடித்த ஒரு தொழில்நுட்பக் கையேட்டையும் காசுக்கு விற்றார்கள்.

அந்தப் பெட்டி கிட்டத்தட்ட 50 சென்ரிமீற்றர் அகலம், 41 சென்ரிமீற்றர் ஆழம், 14 சென்ரிமீற்றர் உயரம். மேசையில் படுத்திருக்கும், மேலே மொனிற்றர் குந்தியிருக்கும். உள்ளே காட் செருக ஐந்து ஸ்லொட். பவர் சப்ளை 63.5 வாட்ஸ். அந்தக் காலத்து ஒரு சாதாரண இழை மின்குமிழின் அளவு என்று சொல்லலாம்.

முன்பக்கத்துப் புளொப்பி வாயின் அளவு ஐபிஎம் கண்டுபிடிச்சதில்லை. 1976இல் ஷுகார்ட் அசோசியேற்ஸ் என்ற நிறுவனம் கொண்டுவந்த ஐந்தேகால் அங்குலப் புளொப்பி ட்ரைவின் அளவு அது. பிறகு உயரம் பாதியானது, அகலம் மாறவில்லை. சீடி ட்ரைவ் வந்தபோது அந்த வாய்க்குள்தான் போனது. டிவிடியும் அப்பிடியே. புளொப்பி செத்து எத்தனையோ வருசத்துக்குப் பிறகும் கேசிங் செய்கிறவர்கள் அந்த வாயை வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டாவது அளவு 1983இல் வந்தது. ஐபிஎம் எக்ஸ்.ரி. என்ற அடுத்த மாதிரியில் எட்டு ஸ்லொட் வைக்க வேண்டி இருந்தது. அதனால் இரண்டு ஸ்லொட்டுக்கு இடையில் இருந்த ஒரு அங்குல இடைவெளியை 0.8 அங்குலமாக, அதாவது 20.32 மில்லிமீற்றராக, குறைத்தார்கள். இண்டைக்குக் கடையில் போய் 'இந்தக் கிராபிக்ஸ் காட் எத்தனை ஸ்லொட் பிடிக்கும்' என்று கேட்டால், 'இரண்டரை', 'மூண்டு' என்று சொல்லுவார்கள். அவர்கள் சொல்லுகிற அந்த ஸ்லொட்டின் அளவு 1983இல் நெருக்கி வைச்ச அதே 0.8 அங்குலம்தான்.

பறிக்கப் பார்த்ததும் பறிகொடுத்ததும்

கையேட்டில் பயோஸ் நிரல் இருந்தாலும் அது ஐபிஎம்மின் காப்புரிமை. அப்பிடியே கொப்பி அடிச்சால் வழக்கு வரும். கொம்பக் நிறுவனம் இதுக்கு ஒரு வழி கண்டது. ஒரு குழு பயோஸ் என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தது. அந்த நிரலைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு, அதே வேலையைச் செய்கிற புது நிரலை எழுதியது. 1982 கடைசியில் கொம்பக் போர்ட்டபிள் அறிவிக்கப்பட்டது. அதுக்குப் பிறகு கதவு திறந்துவிட்டது. 1984இல் ஐபிஎம் ஏ.ரி. என்ற பெரிய மாதிரியைக் கொண்டுவர, தைவானிலும் மற்ற இடங்களிலும் அதே துளைகளோடு, அதே ஸ்லொட் இடைவெளியோடு, இன்னும் சின்னதான 'பேபி ஏ.ரி.' போர்ட்டுகள் வரத் தொடங்கின. அந்தப் போர்ட்டுக்குக் கேசிங், அந்தக் கேசிங்குக்குப் பவர் சப்ளை என்று ஆளுக்கு ஒரு சாமான் செய்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் தெரியாத தொழிற்சாலைகள் செய்த சாமான்கள் ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் போயின.

ஐபிஎம்முக்கு இது பொறுக்கவில்லை. 1987 ஏப்ரலில் பி.எஸ்/2 என்ற புது வரிசையைக் கொண்டுவந்தது. உள்ளே மைக்ரோ சனல் என்ற புது வகை ஸ்லொட். பழைய காட் அதில் போகாது. அதைச் செய்ய விரும்புகிறவர்கள் ஐபிஎம்முக்கு உரிமப் பணம் கட்ட வேணும். அடுத்த வருசமே கொம்பக் உட்பட ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து, பழைய காட்டும் போகக்கூடிய வேற ஒரு ஸ்லொட்டை அறிவித்தன. அந்த ஸ்லொட்டும் பெரிதாக ஓடவில்லை என்பது வேற கதை. ஆனால் மைக்ரோ சனலும் வெல்லவில்லை. சந்தை ஐபிஎம்மின் கையை விட்டுப் போய்விட்டது. இதில் ஒரு வேடிக்கை: இண்டைக்கும் சில மதர்போர்ட்டுகளின் பின்னால் கீபோர்ட் குத்துகிற ஒரு சின்ன வட்ட ஓட்டை இருக்கும். அதன் பெயர் பி.எஸ்/2. பெட்டியைப் பூட்டப் பார்த்த முயற்சியில் இருந்து மிஞ்சினதில் அதுவும் ஒன்று. அதையும் எல்லோரும் எடுத்துத் தங்கட ஆக்கிக்கொண்டார்கள்.

ஒப்பந்தங்கள் கிழிபட்ட கதைகளைத்தான் நாங்கள் வரலாற்றுப் பாடத்தில் அதிகம் படிச்சிருக்கிறோம். இது ஒருத்தரும் கையெழுத்து வைக்காத ஒப்பந்தம். முதலில் எழுதினவரே கிழிக்கப் போனபோது மற்றவர்கள் விடவில்லை.

1995: துளைகள் இருந்த இடத்தில் நிண்டன

1995 ஜூலையில் இன்டெல் ஏ.ரி.எக்ஸ். என்ற அளவுமுறையை வெளியிட்டது. முழு அளவுப் போர்ட் 305க்கு 244 மில்லிமீற்றர். இதை யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று ஆவணத்தையே பொதுவில் வைத்தது. இன்டெல் இதை நல்ல மனத்தில் மட்டும் செய்திருக்காது. போர்ட் மலிந்தால் புரொசெசர் கூட விற்கும். 1997இல் சின்னதான மைக்ரோ ஏ.ரி.எக்ஸ். வந்தது, 244க்கு 244. 2001இல் தைவானின் வியா நிறுவனம் 170க்கு 170 அளவில் மினி ஐ.ரி.எக்ஸ். கொண்டுவந்தது. அதில் இருக்கிற நாலு துளைகளும் ஏ.ரி.எக்ஸ். துளைகளோடு பொருந்தும். அதனால்தான் இண்டைக்குச் செய்த ஒரு உள்ளங்கை அகலப் போர்ட்டைக்கூட 1996இன் பெரிய கேசிங்குக்குள் நாலு ஸ்குரூவில் பூட்டலாம்.

பழைய கேசிங் ஒன்றை எடுக்க நினைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: பெட்டி 1995இன் எந்தப் பக்கம்? பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ. 158.75 மில்லிமீற்றர் நீளமும் 44.45 மில்லிமீற்றர் உயரமும் உள்ள ஒரு நீள்சதுர வெட்டு இருந்தால் அது ஏ.ரி.எக்ஸ். மதர்போர்ட்டின் யூ.எஸ்.பி., ஓடியோ, நெற்வேர்க் ஓட்டைகள் எல்லாம் அந்த ஜன்னலுக்குள்ளால்தான் வெளியே எட்டிப் பார்க்கும். அந்த ஜன்னல் இல்லாமல் கீபோர்ட்டுக்கு ஒரு பெரிய வட்ட ஓட்டை மட்டும் இருந்தால் அது ஏ.ரி. அந்தக் காலத்து போர்ட்டில் பின்னுக்கு நேரே பொருத்தினது கீபோர்ட் ஓட்டை ஒன்றுதான். பிரிண்டருக்கும் மௌசுக்கும் உள்ளுக்குள்ளால் வயர் இழுத்து ஸ்லொட் தகட்டில் பூட்டுவார்கள்.

ஏ.ரி. பெட்டியில் இன்னொரு வித்தியாசம், அது ஆபத்தானது. அதன் முன்பக்கத்துப் பவர் ஸ்விட்ச்சுக்கு வீட்டு மின்சாரமே நேரே வரும். எங்கட நாட்டில் அது 230 வோல்ற். ஏ.ரி.எக்ஸ். பெட்டியின் பட்டன் மதர்போர்ட்டுக்கு ஒரு சின்ன சைகை மட்டும் கொடுக்கும். பழைய ஸ்விட்ச்சை அப்பிடியே புது போர்ட்டில் குத்த ஏலாது. அதைக் கழட்டி, அமத்தினால் திரும்பி வாற ஒரு சின்னப் பட்டனைப் பின்னால் வைக்க வேணும். பவர் சப்ளையின் பெட்டியைத் திறக்கிற வேலைக்கு மட்டும் போகாதீங்கோ. வயரைக் கழட்டி வைச்ச பிறகும் உள்ளே இருக்கிற கப்பாசிற்றர்களில் மின் நிண்டுகொண்டிருக்கும்.

அதே முன்பக்கத்தில் 'ரேர்போ' பட்டனும், மெகாஹேர்ட்ஸ் காட்டுகிற சின்ன எண் பலகையும் இருக்கும். ரேர்போ என்ற பெயருக்கு மாறாக, அந்தப் பட்டனின் தேவை கணினியை மெதுவாக்குவதுதான். 4.77 மெகாஹேர்ட்ஸை நம்பி எழுதின பழைய கேம்கள் வேகமான புரொசெசரில் கண்மண் தெரியாமல் ஓடும். எண் பலகை ஒன்றையும் அளக்கிறதில்லை. கடைக்காரர் ஜம்பர் மாத்தி எந்த எண்ணை வைக்கிறாரோ அதைக் காட்டும். ஸ்லீப்பர் செய்கிறவர்கள் ஜம்பரைத் திருப்பி அதில் தங்கட புது எண்ணை ஏத்துகிறதும் இதனால்தான் முடியுது.

துளை சரி, காத்து சரியில்லை

துளைகள் பொருந்தினால் வேலை முடிஞ்சுது என்று நினைக்கக் கூடாது. அளவுகள் நிண்ட இடத்தில் நிற்க, சூடு மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. பழைய கேசிங்கில் பவர் சப்ளையின் ஃபானே முழுப் பெட்டியின் காத்தையும் இழுத்து வெளியே விட்டது. 1984இன் ஐபிஎம் ஏ.ரி.க்கு 192 வாட்ஸ் காணும். 2022இல் என்விடியா வெளியிட்ட ஆர்.ரி.எக்ஸ். 4090 என்ற கிராபிக்ஸ் காட் தனியாகவே 450 வாட்ஸ் வரை எடுக்கும். நீளம் 304 மில்லிமீற்றர், உயரம் 137. இந்தக் காட்டை 14 சென்ரிமீற்றர் உயரமான 5150 பெட்டிக்குள் நிமித்தி வைக்க நினைச்சுப் பாருங்கோ. மூடிக்கும் காட்டுக்கும் இடையில் பவர் வயர் வளைய இடம் இல்லை.

அதனால் மாத்துகிற வேலை பெரும்பாலும் வெட்டுகிற வேலை. நீளமான காட்டுக்கு இடம் விட ஹார்ட் டிஸ்க் கூட்டை ட்ரில்லால் றிவெற் உடைச்சுக் கழட்டுவார்கள். பின்பக்கத்தில் வட்டம் வெட்டி 120 மில்லிமீற்றர் ஃபான் பூட்டுவார்கள். முகத்தின் கீழே காத்து உள்ளே வர வழி விடுவார்கள். புளொப்பி வாய்க்குப் பின்னால் யூ.எஸ்.பி. ஒளிச்சு வைப்பார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு சங்கடம். வரலாற்று மாணவர்களுக்கு ஒரு பொருள் சாட்சி. வெட்டின தகட்டைத் திருப்பி ஒட்ட ஏலாது. லட்சக்கணக்கில் செய்த, பெயர் தெரியாத ஒரு வெள்ளைப் பெட்டியை வெட்டினால் பெரிய நட்டம் இல்லை. குப்பைக்குப் போகிறதை விட வெட்டுப்பட்டு வாழ்கிறது நல்லது. ஆனால் ஐபிஎம் 5150 மாதிரி ஒன்று, அதுவும் ஓடுகிற நிலையில், கையில் கிடைச்சால் கிறைண்டரைக் கீழே வைக்கலாம். நல்லாச் செய்கிறவர்கள் இதுக்கு ஒரு ஒழுங்கு வைச்சிருக்கிறார்கள்: உள்ளே இருக்கிற துளைகளை மட்டும் பாவித்து ஒரு தகட்டைப் பூட்டி, அந்தத் தகட்டில் புது போர்ட்டை வைப்பது. பிறகு ஒருநாள் எல்லாத்தையும் கழட்டினால் பெட்டி பழையபடி இருக்கும்.

ஒப்பந்தத்துக்கு வெளியில் நிண்ட பெட்டிகள்

ஒப்பந்தம் இல்லாத இடத்தைப் பார்த்தால்தான் இருக்கிற இடத்தின் பெறுமதி விளங்கும்.

2004இல் இன்டெல்லே ஏ.ரி.எக்ஸை மாத்தப் பார்த்தது. பென்ரியம் 4 சூடு தாங்க முடியாமல் போக, காத்து நேரே புரொசெசருக்கு மேலால் போகிற மாதிரி பி.ரி.எக்ஸ். என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தது. 2006இல் சூடு குறைந்த கோர் 2 புரொசெசர்கள் வர, தானே கைவிட்டது. அந்த இரண்டு மூண்டு வருசத்துக்குள் செய்த பி.ரி.எக்ஸ். கேசிங்குகள் அநாதையாகிவிட்டன. வெளியில் பார்க்கச் சாதாரணப் பெட்டி; உள்ளே தட்டும் துளைகளும் வேற ஒழுங்கு.

டெல்லின் கதை இதை விட மோசம். 1990களின் கடைசியில் இருந்து சில வருசங்கள், அந்த நிறுவனம் பார்க்க அச்சொட்டாக ஏ.ரி.எக்ஸ். மாதிரியான பவர் ப்ளக்கைத் தன் கணினிகளில் வைத்தது. ஆனால் உள்ளே வயர் ஒழுங்கு வேற. சாதாரண ஏ.ரி.எக்ஸ். பவர் சப்ளையை அதில் குத்தினால் ப்ளக் வடிவாகப் போகும், பிறகு போர்ட்டோ பவர் சப்ளையோ எரியும். துளை பொருந்துவதும் ஒப்பந்தம் இருப்பதும் இரண்டு விசயம் என்பதுக்கு இதை விட உதாரணம் தேவையில்லை.

மூண்டாவது, இந்த வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் பிடிச்ச பெட்டி: அப்பிள் 2003இல் அறிமுகப்படுத்திய பவர் மக் ஜி5. முழு அலுமினியம், முகம் முழுக்கச் சின்னத் துளைகள், உள்ளே நாலு காத்து வலயங்கள், ஒன்பது ஃபான். 2005இல் அப்பிள் இன்டெல் புரொசெசருக்கு மாறப்போவதாக அறிவித்தது. 2009இல் வந்த மக் ஒப்பரேற்றிங் சிஸ்டம் ஜி5இல் ஓடாது. பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை, உள்ளே இருந்ததுக்குத்தான் காலம் முடிஞ்சுது. அதனால் ஆக்கள் அதை வெறுமையாக்கி ஏ.ரி.எக்ஸ். பூட்டத் தொடங்கினார்கள். ஒரு துளையும் சரிவராது. அப்பிளின் முளைகளை வெட்டி எடுக்க வேணும். வேற கேசிங்கில் இருந்து மதர்போர்ட் தட்டை வெட்டிக் கொண்டுவந்து றிவெற் அடிக்க வேணும். பின்பக்க அலுமினியத்தில் ஜன்னல் வெட்ட வேணும். முன்பட்டனின் வயரை ஒவ்வொன்றாகத் தேடிப் பிரிக்க வேணும். வெள்ளைத் தகரப்பெட்டியில் நாலு ஸ்குரூவில் முடிகிற வேலை இதில் கிழமைக்கணக்கில் இழுபடும். அழகில் இரண்டுக்கும் பக்கத்திலும் நிற்க ஏலாது, சரிதான். ஆனால் மற்ற ஆளின் கை உள்ளே வரும் என்று நினைச்சுச் செய்தது அந்த அசிங்கமான தகரப்பெட்டிதான்.

இஞ்ச இது ஏன் எங்களுக்குத் தேவை

2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360ஐத் தாண்டினபோது, புதுக் கணினி என்பது எங்களில் கனபேருக்குக் கதைக்கிற விசயமாக மட்டும் ஆகிவிட்டது. இருக்கிறதைத் திருத்திப் பாவிக்கிறதுதான் வழி. அப்போது ஒரு வித்தியாசம் வெளிச்சுது. பெயர் தெரியாத கேசிங்கில் பூட்டின கணினி வைச்சிருந்தவர், பவர் சப்ளை போனால் கிடைக்கிற எந்த ஏ.ரி.எக்ஸ். பவர் சப்ளையையும் வாங்கிப் பூட்டலாம். வெளிநாட்டு அலுவலகங்களில் பாவிச்சு இஞ்ச வந்த, மெல்லிய, வடிவான பிராண்ட் கணினி வைச்சிருந்தவர், அந்த மாதிரிக்கென்றே செய்த பவர் சப்ளையைத் தேடி அலைய வேணும். கிடைக்காவிட்டால் நல்ல போர்ட்டும் நல்ல புரொசெசரும் சேர்ந்து மூலைக்குப் போகும்.

மெமறியைப் போர்ட்டிலேயே ஈயம் வைச்சு ஒட்டின லப்ரொப்புகள் இப்ப கூடிக்கொண்டே வருகின்றன. மெல்லிசாக இருக்கும், பற்றறி நிக்கும், அதுவும் உண்மைதான். அதுக்குக் குடுக்கிற விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேணும். முப்பது வருசம் கழிச்சு அதுக்குள் எதையும் பூட்ட ஏலாது. சில வேளை மூண்டு வருசம் கழிச்சும் ஏலாது.

ஆகவே, பழைய இரும்புக்கு எடுத்து வைச்ச கேசிங் எங்கேயாவது கண்டால் உடனே போக விடாதீங்கோ. ஒரு அளவுநாடாவைக் கொண்டு போங்கோ. பின்னால் 158க்கு 44 ஜன்னல் இருக்கா? பவர் சப்ளை இருக்கிற இடம் 150க்கு 86 மில்லிமீற்றரா? காட்டுக்கு உள்ளே எவ்வளவு நீளம் கிடைக்கும்? பின்பக்கத்தில் ஃபானுக்கு இடம் இருக்கா? முதல் இரண்டுக்கும் ஓம் என்றால் மிச்சத்தை அரத்தாலும் ட்ரில்லாலும் சமாளிக்கலாம். மஞ்சளைப் பற்றி யோசிக்க வேண்டாம், அது ஓடுகிறதுக்கு ஒரு தடையும் இல்லை.